எஸ்டேட் ஜீப்புக்கு அடிப்பக்கம் என்ன பூச்சு: பவுடர் கோட்டிங்கா, எபாக்ஸி-பி.யு.வா, ரப்பர் அண்டர்கோட்டா?

சேர்வராயன்_ஜீப் (கேள்வி)

வணக்கங்க. பழைய மகிந்திரா ஜீப் ஒண்ணு, பாடியைக் கழட்டித் தனியா வச்சாச்சு. சேசிஸ் (அடிச்சட்டம்) முன்பாதி பெட்டி மாதிரி நாலு பக்கமும் மூடினது, பின்பாதி ஒரு பக்கம் திறந்த சி வடிவ சேனல். குறுக்குச் சட்டமெல்லாம் ரிவெட் அடிச்சது. முன் ஸ்பிரிங் ஹேங்கர் பக்கத்துல துரு தின்ன பாகத்தை வெட்டி எடுத்து 4 எம்எம் தகடு வச்சு வெல்டிங் முடிஞ்சிருச்சு. பாடி 18 கேஜ் தகட்டுல புதுசா கட்டுறோம்.

வண்டி ஓடப்போறது சேலம்-ஏற்காடு மலைப்பாதையில, அதுக்கு மேல எஸ்டேட் மண் ரோட்டுல. சமயத்துல உர மூட்டையும் ஏறும். அதே நேரத்துல கார் ஷோவுல லிஃப்ட்ல தூக்கிப் பார்த்தா அடிப்பக்கம் பார்க்கிற மாதிரி இருக்கணும். ரெண்டும் வேணும், அதான் சிக்கல்.

பவுடர் கோட்டிங்காரர் சேசிஸை அப்படியே கொண்டாங்க, 7 டேங்க்ல முக்கி அடிச்சுத் தர்றேன், ஆயுசுக்கும் தாங்கும்ங்கிறார். டிங்கர் ரெட் ஆக்ஸைடு அடிச்சு அதுக்கு மேல கனமா ரப்பர் அண்டர்கோட் போதும்ங்கிறார். பெயிண்டர் அடியில எபாக்ஸி பிரைமர், மேல பி.யு. (பாலியூரிதேன்) டாப் கோட்ங்கிறார். ஸ்பிரிங், ஆக்ஸில், டீசல் டேங்க் எல்லாத்துக்கும் ஒரே பூச்சு போடலாமா? கறுப்பா, கிரேயா? வேலை ஐப்பசி மழைக்குள்ள முடியுமான்னு தெரியல, அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

மைக்ரான்

சேசிஸுக்கு எபாக்ஸி, அதுக்கு மேல பி.யு. உங்க பெயிண்டர் சொன்னதுதான் சரி. பவுடர் மட்டமான பூச்சு இல்ல. உங்க சேசிஸோட அமைப்புக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

பவுடர்ங்கிறது மின்சார ஈர்ப்புல தகட்டுல போய் ஒட்டி, ஓவன் சூட்டுல உருகிப் பூச்சாகிற தூள். சி சேனலோட உள்மூலை, பிராக்கெட் சந்து மாதிரி இடத்துல மின்புலம் உள்ள நுழையறதில்ல. வெளி விளிம்புலயே பவுடர் பூரா இழுத்துக்கும். வெளியில 80 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) விழுந்த இடத்துக்கு ரெண்டு அங்குலம் தள்ளி உள்மூலையில வெறும் தகடு தெரியும். மூடின முன்பாதிக்குள்ள ஒரு துளிகூடப் போகாது. சேசிஸ் துரு பிடிக்கிறது உள்ள இருந்துதான்.

அடுத்தது அந்த 7 டேங்க். கிரீஸ் எடுக்கிற டேங்க், ஆசிட் டேங்க், பாஸ்பேட் டேங்க், நடுநடுவுல தண்ணி. தனித் தகடு, ஜன்னல் கம்பி, கிரில் மாதிரி சாமானுக்கு அது அருமையான முறை. ரிவெட் அடிச்ச சேசிஸை அதுல முக்கினா, ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு உக்கார்ந்த இடுக்குல ஆசிட் புகுந்துக்கும். அலசினாலும் வெளிய வராது. ஓவன்ல 180-200 டிகிரிக்குச் சூடாகிறப்ப கொஞ்சம் கொதிச்சு வெளிய வந்து பூச்சைக் கொப்புளமாக்கும். மிச்சம் உள்ளயே இருந்து அடுத்த மழைக்காலத்துல ரிவெட்டைச் சுத்திப் பழுப்புக் கோடா ஒழுகும். சேசிஸை ஆசிட்ல முக்க விடாதீங்க. சேசிஸுக்கு எந்தப் பூச்சு போட்டாலும் தயாரிப்பு பிளாஸ்டிங்தான், அதாவது கிரிட் துகளைக் காத்து அழுத்தத்துல அடிச்சுத் துரு எடுக்கிறது.

மூணாவது, ரிப்பேர். மலைப்பாதையில டயர் அடிச்சு விடுற ஜல்லி எந்தப் பூச்சையும் ஒரு நாள் உடைக்கும். பவுடர் உடைஞ்ச இடத்துல தண்ணி அடியில ஊர்ந்து போய், மேல பூச்சு முழுசா இருக்கிற மாதிரியே காட்டிக்கிட்டு உள்ள துரு பரப்பும். வாட்டர் சர்வீஸ் கன் அடிச்சா அந்த ஓரத்துல இருந்து பட்டை பட்டையா உரியும். அந்த இடத்தை மட்டும் சரி பண்ண வழி கிடையாது. பெயிண்ட் தொட்டு வைக்கலாம், பவுடர் ஆகாது. எபாக்ஸி-பி.யு.ன்னா அந்த இடத்தைத் தேய்ச்சு, பிரஷ்ல எபாக்ஸி தொட்டு, மேல பி.யு. தொட்டா முடிஞ்சது. நாளைக்கு ஒரு பிராக்கெட் வெல்டிங் பண்ணணும்னாலும் இதே கணக்கு.

ரப்பர் அண்டர்கோட் பத்தி: ரெட் ஆக்ஸைடு தண்ணியை முழுசா தடுக்கிற பிரைமர் இல்ல, ஈரம் அது வழியா இறங்கும். அதுக்கு மேல தார் கலந்த ரப்பரைக் கனமா போட்டா, இறங்கின ஈரம் திரும்பக் காய வழியில்லாம உள்ளயே நிக்கும். துரு ஓடுறது கண்ணுக்கும் தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் உள்ள போறப்பதான் தெரியும். இன்னொண்ணு, நம்ம ஊர் வாட்டர் சர்வீஸ்ல கழுவி முடிச்சதும் அடியில டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே அடிக்கிற பழக்கம் இருக்கு. தார் அண்டர்கோட் அதுல இளகிப் பிசுபிசுன்னு ஆயிடும். அதுல ஒட்டுற செம்மண்ணை எடுக்கவே முடியாது. ஷோவுக்கு அது ஆகற கதை இல்ல.

கால்வனைசிங் யாராவது சொல்லுவாங்க, முன்னாடியே சொல்லிடறேன்: உருகின துத்தநாகம் 450 டிகிரி. ரிவெட் சேசிஸ் கோணும். காத்து போக ஓட்டை இல்லாத மூடின பகுதி வெடிக்கவே செய்யும். வேண்டாம்.

கொண்டலாம்பட்டி_பட்டறை

மேல சொன்னது சரி. பூச்சு எங்க போடக்கூடாதுங்கறதை நான் சொல்றேன். பெயிண்டருக்கு இது தெரியாது, மெக்கானிக்தான் பக்கத்துல நின்னு சொல்லணும்.

சேசிஸ் நம்பர்தான் முதல்ல. பிளாஸ்டிங் போறதுக்கு முன்னாடி நம்பர் குத்தின இடத்தைத் தேடிக் கண்டுபிடிங்க, போட்டோ எடுங்க, பென்சில்ல உரசி ஒரு பிரதி வச்சுக்குங்க. அதுக்கப்புறம் கனமான ரப்பர் டேப் ரெண்டு மடிப்பா ஒட்டி மறைச்சுடுங்க. கிரிட் அந்த எழுத்துல நேரா அடிச்சா மழுங்கிடும். ஆர்.சி. புதுப்பிக்கப் போறப்ப ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நம்பர் தெளிவாத் தெரியலைன்னா நம்பரையே திருத்தின மாதிரி சந்தேகம் வரும். அந்த இடத்துல கையால துரு எடுத்து, ஒரே ஒரு மெல்லிய கோட் எபாக்ஸி, மேல கிளியர். கறுப்பு பி.யு. ரெண்டு கோட் போட்டு நம்பரை அடைச்சுடாதீங்க. அண்டர்கோட், பெட்லைனர் (சொரசொரப்பான கனத்த பூச்சு) அந்தப் பக்கமே போகக்கூடாது.

அடுத்தது ரெண்டு இரும்பு ஒண்ணோடொண்ணு உக்கார்ற முகம். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோட பிடிக்கிற யு-போல்ட் பிளேட், ஸ்பிரிங் முனையைச் சேசிஸோட மாட்டுற ஷேக்கிளோட பக்கவாட்டு முகம், ஸ்டீரிங் பாக்ஸ் உக்கார்ற இடம், இன்ஜின் மவுண்ட், கியர் பாக்ஸ் மவுண்ட், சாக் பின், வீல் உக்கார்ற டிரம் முகம். இங்க 150 மைக்ரான் பூச்சு இருந்தா, போல்ட் இறுக்கினப்புறம் அந்தப் பூச்சு மெல்ல நசுங்கி வழியும், போல்ட் இறுக்கம் போயிடும். மலை ரோட்டுல யு-போல்ட் தளர்ந்தா சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் நகரும். அந்த முகத்துல எபாக்ஸி ஒரு மெல்லிய கோட் போதும், டாப் கோட் வேண்டாம். டிரம்முல வீல் உக்கார்ற முகமும் நட்டு உக்கார்ற கூம்பும் வெறும் இரும்பாவே இருக்கட்டும். பூட்டி 500 கிலோமீட்டர் ஓடினதும் எல்லா யு-போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வச்சு மறுபடியும் இறுக்குங்க.

சேசிஸ்ல எர்த் வயர் போல்ட் போடுற இடம், இன்ஜின் எர்த் பட்டை இடம், ரெண்டும் தகடு தெரியணும். ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கினப்புறம் மேல கிரீஸோ வேக்ஸோ தடவிக்கலாம். பெயிண்ட் மேல எர்த் கொடுத்துட்டு செல்ஃப் சுத்தலைன்னு பேட்டரியை மாத்திக்கிட்டு இருக்காதீங்க.

ஸ்பிரிங் பட்டையைப் பிரிச்சு, துரு எடுத்து, ஒவ்வொரு பட்டைக்கும் மெல்லிசா ஒரு கோட் எபாக்ஸி. பட்டைக்கு நடுவுல கிராஃபைட். சாதா கிரீஸ் வச்சா செம்மண் போய் ஒட்டிக்கிட்டு உப்புக் காகிதம் மாதிரி தேய்க்கும். பட்டையைக் கிரைண்டர்ல தேய்க்கவே கூடாது. குறுக்கா விழுற ஒரு கீறல் போதும், விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். ஸ்பிரிங்கையும் யு-போல்ட்டையும் ஆசிட் டேங்க்ல விட்டா ஹைட்ரஜன் இரும்புக்குள்ள இறங்கி உடையற தன்மை வந்துடும். ஜிங்க் பிளேட்டிங் போட்டா அழகா இருக்கும்னு யு-போல்ட்டைக் கொடுக்காதீங்க, புதுசு வாங்குங்க.

டீசல் டேங்க்கை எந்தக் காரணத்துக்கும் ஓவன்ல விடக்கூடாது. காலியா இருக்குன்னு நினைக்கிற டேங்க்லதான் ஆவி இருக்கும். கழட்டி வெளிப்பக்கம் மட்டும் கையால சுத்தம் பண்ணி எபாக்ஸி-பி.யு.

பவுடர்_பிரியன்

பவுடரை இவ்வளவு ஒதுக்க வேண்டியதில்லைங்க. கம்பெனியில வர்ற நிறைய சாமான் பவுடர்தான். ஜிங்க் கலந்த எபாக்ஸி பவுடர் பிரைமர் ஒரு கோட், மேல பாலியெஸ்டர் பவுடர் ஒரு கோட்னு ரெண்டு அடுக்கா அடிச்சா, கல்லடிக்கு நீங்க சொல்ற 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற) பி.யு.வைவிட நல்லாத் தாங்கும். சேசிஸ் வேண்டாம்னு வச்சாலும் பம்பர், ஸ்கிட் பிளேட், பேட்டரி ட்ரே, ஷேக்கிள், டோ ஹூக், வீல் ரிம், பெடல் பிராக்கெட் இதெல்லாம் பவுடருக்குக் கொடுங்க. உள்மூலை இல்லாத, தனியாக் கழட்டி எடுக்கிற சாமான்ல பவுடருக்கு இணை கிடையாது.

மைக்ரான்

அந்தப் பட்டியல்ல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. ரிம்முல நட்டு உக்கார்ற கூம்பையும் பின்முகத்தையும், ஷேக்கிள்ல பக்கவாட்டு முகத்தையும் மட்டும் மறைக்கச் சொல்லணும்.

கம்பெனி உதாரணம் மட்டும் இங்க பொருந்தாது. கார் கம்பெனி முழு பாடியை முக்கி எடுக்கிறது சி.இ.டி. பூச்சு. திரவத்துக்குள்ள மின்சாரம் பாய்ச்சிப் படிய வைக்கிறது, அதனால பெட்டிக்குள்ளயும் போய் ஒட்டும். பவுடர் கன்னுக்கு அந்தச் சக்தி இல்ல.

ஆக்ஸிலை யாராவது பவுடருக்குக் கொடுக்க நினைச்சா: ஆயில் சீல், பேரிங், பிரீதர் எல்லாம் கழட்டின வெறும் ஓடா இருக்கணும். நடுவுல இருக்கிற வார்ப்பு இரும்புல பல வருஷ ஆயில் ஊறியிருக்கும். ஓவன் சூட்டுல அது ஆவியாகிப் பூச்சுல ஊசி ஓட்டை ஓட்டையா விடும். பூச்சுக்கு முன்னாடி ஒரு தடவை வெறுமனே சூடாக்கி எடுத்தாக் குறையும், முழுசாப் போகாது. ஆக்ஸிலுக்கும் எபாக்ஸி-பி.யு.வே போதும்.

சேர்வராயன்_ஜீப்

தெளிவாச்சு, நன்றிங்க. எபாக்ஸி-பி.யு. முடிவு. இப்ப வேலை முறை சொல்லுங்க: எவ்வளவு சாமான் வாங்கணும், எத்தனை மைக்ரான், எவ்வளவு இடைவெளி? ஏற்காட்டுல ஷெட் சும்மா இருக்கு, அங்கயே அடிச்சுக்கலாமா? பிளாஸ்டிங் மட்டும் சேலத்துல.

ஐந்துரோடு_பெயிண்ட்

ஏற்காட்டுல அடிக்காதீங்க. இதை முதல்ல சொல்லிடறேன்.

பெயிண்ட் அடிக்கிறப்ப தகட்டோட சூடு, அந்த நேரத்துப் பனிநிலையைவிட, அதாவது காத்துல இருக்கிற ஈரம் தண்ணியாப் படிய ஆரம்பிக்கிற சூட்டைவிட, குறைஞ்சது 3 டிகிரி மேல இருக்கணும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழ. சேலத்துல 30 டிகிரி, 80 சதவீதம் ஈரப்பதம்னா பனிநிலை 26 சொச்சம். கிட்டத்தட்ட 4 டிகிரி இடைவெளி இருக்கு, தகடு காத்தோட சூட்டுலயே இருந்தா அடிக்கலாம். மேல ஏற்காட்டுல மூடுபனி நாள்ல 20 டிகிரி, 95 சதவீதம்னா பனிநிலை 19-ஐத் தாண்டிடும். இடைவெளி ஒரு டிகிரிகூட இல்ல. கண்ணுக்குத் தெரியாத ஈரம் தகட்டு மேல உக்கார்ந்திருக்கும், அதுக்கு மேல எபாக்ஸி. அன்னிக்குப் பார்க்க நல்லாத்தான் இருக்கும், பின்னால நகத்தால நெம்பினா வரும். எபாக்ஸி குளிர்ல காயறதும் மெதுவு; ஈரத்துல மேலாக ஒரு மெழுகுப் படலம் விடும், அடுத்த கோட் அதுல ஒட்டாது. ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி, ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ரெண்டும் வாங்கிக்குங்க, பெயிண்ட் விலைக்கு முன்னாடி அது ஒண்ணுமில்ல.

பிளாஸ்டிங் முடிஞ்ச தகட்டை மழைக்காலத்துல ராத்திரி தாண்ட விடக்கூடாது. நாலு மணி நேரத்துக்குள்ள முதல் கோட் விழணும். அதனால பிளாஸ்டிங் கூடத்துலயே ஒரு மூலை கேட்டு முதல் கோட்டை அங்கயே அடிச்சுட்டுத்தான் வண்டியில ஏத்தணும். சேசிஸை மேல கொண்டு போறது டாப் கோட் காய்ஞ்சப்புறம்.

இனி முறை.

பிளாஸ்டிங்குக்கு முன்னாடி கிரீஸ் போகணும். மண்ணெண்ணெய், டீசல் ஊத்திக் கழுவினா கிரீஸ் போன மாதிரி தெரியும், எண்ணெய்ப் படலம் நிக்கும். கிரிட் அதைத் தகட்டுக்குள்ள அடிச்சு இறக்கிடும். காரமான டிகிரீஸர் போட்டு பிரஷ்ல தேய்ச்சு சுடுதண்ணியில அலசுங்க. சுத்தமாச்சான்னு பார்க்க மேல தண்ணி ஊத்துங்க: தண்ணி விரிப்பா நின்னா சரி, முத்து முத்தாப் பிரிஞ்சா இன்னும் எண்ணெய் இருக்கு.

பிளாஸ்டிங் தரம் எஸ்.ஏ. 2½ன்னு (தகடு கிட்டத்தட்ட வெள்ளையாத் தெரியற அளவு சுத்தம்) சொல்லிக் கேளுங்க, 40-லிருந்து 75 மைக்ரான் சொரசொரப்பு. ஸ்டீல் கிரிட், கார்னெட், காப்பர் ஸ்லாக் எதுவும் ஆகும். ஆத்து மணல்ல அடிக்கிற இடத்துக்குப் போகாதீங்க, அந்தத் தூசி அடிக்கிறவர் நுரையீரலைத் தின்னுடும். புது பாடியோட 18 கேஜ் தரைத் தகட்டை சேசிஸ் மாதிரி அடிக்கக் கொடுக்காதீங்க, வளைஞ்சு அலையாயிடும். அதை 80 நம்பர் டிஸ்க்ல கையால தேய்ச்சாப் போதும்.

பிளாஸ்டிங்குக்கு அப்புறம் கையால தொடாதீங்க. காத்து அடிச்சுத் தூசி எடுத்து, பெயிண்ட் கம்பெனி சொல்ற தின்னர்ல ஒரு துடை. துரு மாத்தற ஆசிட் கரைசல் எதையும் எபாக்ஸிக்கு அடியில தடவாதீங்க. பாஸ்பாரிக் மிச்சம் எபாக்ஸியோட ஹார்ட்னரைச் சாப்பிட்டுடும்.

முதல் கோட்டுக்கு முன்னாடி பிரஷ் வேலை. இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. ஸ்ப்ரே பண்ற பெயிண்ட் கூர்மையான விளிம்புல நிக்காம ரெண்டு பக்கமும் இழுத்துக்கும். அதனால சேனல் விளிம்பை ஃபைல் போட்டு லேசா உருட்டி, எல்லா விளிம்பு, ரிவெட் தலை, வெல்டிங் கோடு, பிராக்கெட் சந்து இதுக்கெல்லாம் 1 அங்குல பிரஷ்ல எபாக்ஸியைக் குத்திக் குத்தி ஏத்துங்க. சேசிஸோட வெளிப்பக்கத்துல துரு ஆரம்பிக்கிறது இந்த இடங்கள்லதான்.

அதுக்கப்புறம் ஸ்ப்ரே. ஹார்ட்னர் கலந்து, டேட்டா ஷீட்ல சொன்ன அளவு, வழக்கமா 15-30 நிமிஷம், ஊற விட்டு அடிங்க. 1.6 அல்லது 1.8 எம்எம் நாசில். ரெண்டு கோட், காய்ஞ்சு மொத்தம் 100-120 மைக்ரான். கம்ப்ரஸர்ல தண்ணி பிரிக்கிற ஃபில்டர் கட்டாயம், டேங்க் அடியில வடிகாலைத் திறந்துவிட்டு ஆரம்பிங்க. மழைக்காலத்துல அந்தத் தண்ணிதான் கொப்புளம்.

ரெண்டாவது கோட் காய்ஞ்சதும் தகடு மேல் தகடு உக்கார்ந்த இடுக்கு, பாடித் தரையோட மூட்டுக்கு பி.யு. சீலன்ட். சிலிகான் சீலன்ட் அந்தக் கூடத்துக்குள்ளயே வரக்கூடாது. அது பட்ட இடத்துல பெயிண்ட் மீன்கண் மாதிரி விலகும். சேனலோட அடிப்பக்க ஓரத்துல மட்டும் சீலன்ட் வேண்டாம், தண்ணி இறங்க வழி விடுங்க.

எபாக்ஸிக்கு மேல பி.யு. அடிக்க ஒரு கால எல்லை டேட்டா ஷீட்ல இருக்கும். அதுக்குள்ள அடிச்சா தேய்க்க வேண்டியதில்ல. தாண்டிட்டா 320 நம்பர் பேப்பரோ சிவப்பு ஸ்காட்ச் பிரைட்டோ போட்டு மங்கலாக்கிட்டுத்தான் அடிக்கணும். பி.யு. ரெண்டு கோட், 50 மைக்ரான்.

அளவு: முன்பின் சேசிஸ், ஆக்ஸில், டேங்க் அடி, பாடித் தரை அடிப்பக்கம் எல்லாம் சேர்த்து தோராயமா 10 சதுர மீட்டர்னு வச்சுக்குவோம். பாதி திடப்பொருள் உள்ள எபாக்ஸி ஒரு லிட்டர் 50 மைக்ரான்ல கணக்குப்படி 10 சதுர மீட்டர் வரும். 100 மைக்ரானுக்கு 2 லிட்டர். சேசிஸ் மாதிரி ஓட்டையும் கம்பியுமா இருக்கிற சாமான்ல பாதி காத்துல போயிடும், அதனால ஹார்ட்னரோட சேர்த்து 4 லிட்டர் வாங்குங்க. பி.யு. 2 லிட்டர், அரை லிட்டர் தனியா வச்சுக்குங்க பின்னால தொட்டு வைக்க. அந்த அரை லிட்டர்ல ஹார்ட்னர் கலக்காம மூடி வைக்கணும். ஹார்ட்னர் டப்பா ஒரு தடவை திறந்தா ஈரம் குடிச்சுக் கெட்டியாகும், சின்ன டப்பாவா வாங்குங்க.

பி.யு. ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு. துணி மாஸ்க் கட்டிக்கிட்டு அடிக்கிறது தற்கொலை. காத்து குழாய் போட்ட முகமூடி இல்லைன்னா ஸ்ப்ரே பூத் இருக்கிற இடத்துல கொடுத்துடுங்க. எபாக்ஸி வரைக்கும் நீங்க, பி.யு. மட்டும் அவங்க.

கொண்டலாம்பட்டி_பட்டறை

சைலன்ஸர் குழாய், மேனிஃபோல்டு பக்கம் எபாக்ஸி வேண்டாம், கருகிடும். 600 டிகிரி தாங்குற சிலிகான் பெயிண்ட், வெறும் இரும்பு மேல, மெல்லிசா. ரெண்டு மூணு தடவை சூடேறி ஆறினாத்தான் கெட்டிப்படும். பிரேக் டிரம் வெளிப்பக்கத்துக்கும் அதே பெயிண்ட்தான். இருபது ஹேர்பின் இறங்கினதும் டிரம் மேல தண்ணி பட்டா ஆவி பறக்குற சூடு இருக்கும், பி.யு. அதைத் தாங்காது. பிரேக் ஹோஸ், புஷ், ஆக்ஸில் பிரீதர் மூக்கு எல்லாத்துக்கும் டேப்.

சேர்வராயன்_ஜீப்

கலர்? வீல் ஆர்ச்சுல பெட்லைனர் போடலாமா? பெட்டிப் பகுதிக்குள்ள என்ன பண்றது?

மைக்ரான்

கலர்ல என் ஓட்டு கிரே. நடுத்தர கிரே, அரைப் பளபளப்பு. கறுப்புல ஆயில் ஒழுகலும் தெரியாது, வெல்டிங் ஓரத்துல மயிர்க்கோடு விரிசலும் தெரியாது. கிரேயில துருவோட முதல் பழுப்புப் புள்ளியே கூப்பிட்டுக் காட்டும். ஷோவுக்கு வர்றவங்க கறுப்புச் சேசிஸ் எதிர்பார்ப்பாங்க, அப்படி வேணும்னா சேசிஸ் கறுப்பு, பாடித் தரை அடிப்பக்கம் கிரேன்னு வச்சுக்கலாம், சட்டம் எடுப்பாத் தெரியும். முழு மேட் வேண்டாம். மேட் பெயிண்ட்ல செம்மண் கறை ஊறும், மழமழப்புல ஒரு அலசுல போயிடும்.

பெட்லைனர் வீல் ஆர்ச்சுக்கு மட்டும். டயர் நேரா கல் அடிக்கிற இடம் அது, சத்தமும் குறையும். 2கே யூரிதேன் வகை, பாட்டில்ல 750 மில்லிக்கு 250 மில்லி ஹார்ட்னர், எபாக்ஸி மேல தேய்ச்சுட்டு ரெண்டு கோட். நாலு ஆர்ச்சுக்கு ரெண்டு பாட்டில். அடிப்பக்கம் முழுக்க அடிச்சா அந்தச் சொரசொரப்புல எஸ்டேட் களிமண் அப்பிக்கும், ஷோவுக்கு முன்னாடி ஒரு நாள் பூரா பிரஷ்ஷோட உக்காரணும்.

பெட்டிக்குள்ள பெயிண்டை மறந்துடுங்க, தயாரிப்பே இல்லாத துரு மேல எதுவும் ஒட்டாது. தண்ணி பீய்ச்சிச் சேறை வெளிய தள்ளி, ரெண்டு நாள் காத்து விட்டு முழுசாக் காய வச்சு, நீளக் குழாய்ல சுத்திலும் தெளிக்கிற நாசில் மாட்டி கேவிட்டி வேக்ஸ் (பெட்டிக்குள்ள படியிற மெழுகுப் பூச்சு). உங்க முன்பாதிக்கு ஒரு லிட்டர் தாராளம். அடிப்பக்கம் தாழ்வான முனையில 8 எம்எம் வடிகால் இருக்கான்னு பாருங்க, வேக்ஸ் அடிச்சப்புறம் கம்பி விட்டுக் குத்தித் திறந்து வைங்க. எல்லா வெல்டிங்கும் பெயிண்டும் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் வேக்ஸ். வேக்ஸ் இருக்கிற பெட்டி மேல வெல்டிங் வச்சா உள்ள தீப்பிடிக்கும். வேக்ஸ் ஒழுகின இடத்துல பெயிண்ட் ஒட்டாது.

குப்பனூர்_ரோடு

உர மூட்டை ஏறும்னு சொன்னீங்க, அதை யாரும் தொடலை. மழைத்தண்ணியும் சேறும் இந்தப் பூச்சுக்கு ஒரு பொருட்டே இல்ல. பொட்டாஷ் வேற. அது பொட்டாசியம் குளோரைடு, உப்புதான். பனி கொட்டுற நாட்டுல ரோட்டுல உப்புப் போட்டு வண்டி அரிக்கிற அதே வேலையை நம்ம மலையில ஒரு கிழிஞ்ச மூட்டை பண்ணும். தரை மூட்டு வழியா அடியில இறங்கி, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டு நசநசன்னு நிக்கும். யூரியா மிச்சமும் அதே மாதிரி ஈரம் பிடிக்கும்.

தரைக்கு ஒரே துண்டா ரப்பர் மேட் விரிச்சு, பக்கவாட்டுல 3 அங்குலம் மடிச்சு ஏத்திடுங்க. தரை மூட்டுக்கு மேல்பக்கமும் சீலன்ட். மூட்டை ஏத்தின அன்னிக்கே மேட்டைத் தூக்கிக் கழுவணும், அடுத்த வாட்டர் சர்வீஸ் வரைக்கும் விடக்கூடாது. கழுவறப்ப சேசிஸ் சேனலோட உள்பக்கத்துக்குக் குறைஞ்ச பிரஷர்ல நிறையத் தண்ணி விடுங்க. கன்னை விளிம்புகிட்ட கொண்டு போய் அடிக்காதீங்க. முடிஞ்சதும் ஆயில் ஸ்ப்ரே கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க. பி.யு.வை அது ஒண்ணும் பண்ணாது, ஆனா புஷ் எல்லாம் ஊதிப் போகும், கிரே பெயிண்ட் போட்டதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்.

பி.யு. அடிச்சு முழுசாக் கெட்டிப்பட ஒரு வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி உரமும் வேண்டாம், பிரஷர் வாஷும் வேண்டாம்.

சேர்வராயன்_ஜீப்

பிளாஸ்டிங் கூடத்துல முதல் கோட் அடிக்க இடம் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. கலர்: சேசிஸ் கறுப்பு, தரை கிரே. ஸ்பிரிங் பட்டைக்கு ரெண்டு முகத்துக்கும் எபாக்ஸி போடணுமா, வெளிமுகம் மட்டும் போதுமா?

கொண்டலாம்பட்டி_பட்டறை

ரெண்டு முகமும். ஒரு கோட், 40 மைக்ரானுக்கு மேல போகாம. பட்டை முனை உரசுற இடத்துல அது கொஞ்ச நாள்ல தேய்ஞ்சு போகும், அங்க கிராஃபைட் பார்த்துக்கும். சென்டர் போல்ட்டைப் புதுசா போடுங்க, கிளிப்பைச் சுத்தியலால அடிச்சு மடக்குறப்ப பெயிண்ட் உடையும், பூட்டினதும் அந்த இடத்தை பிரஷ்ல தொட்டுடுங்க.